தானே குளிப்பாரா?

எங்கள் படிவத்தில் ஆறே கேள்விகள்தான். தானே குளிப்பாரா, தானே உடுத்துவாரா, தானே கழிப்பறைக்குப் போய் வருவாரா, தானே எழுந்து நடப்பாரா, தானே சாப்பிடுவாரா, மாத்திரையை வேளாவேளைக்குத் தானே எடுத்துக்கொள்வாரா. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள் இருக்கும். தானே செய்வார், கொஞ்சம் கை கொடுக்க வேண்டும், முழுக்கப் பிறர்தான் செய்ய வேண்டும். ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும். பார்த்தால் பத்து நிமிட வேலை. இந்தப் பத்து நிமிட வேலையில் நான் எப்படிக் கோட்டை விட்டேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், வண்டலூருக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்திருந்த முதியோர் குடியிருப்பில் சேர்ந்தேன். முதியோர் இல்லம் என்று சொல்லிவிடக் கூடாது, எங்கள் மேனேஜர் தம்பி முகத்தைச் சுளிப்பார். வருகிறவர்களுக்கு எந்த அளவுக்குப் பராமரிப்பு வேண்டும் என்று பார்த்து எழுதுவது என் பொறுப்பு. முதல் லெவல் என்றால் மாடியில் தனி ஃபிளாட், சின்னதாக ஒரு சமையல்மேடை, சாவி அவர்கள் கையில். இரண்டாம் லெவலுக்கும் அதே ஃபிளாட்தான், ஆனால் காலையிலும் மாலையிலும் அட்டெண்டர் வந்து உதவுவார். மூன்றாம் லெவல் என்று எழுதிவிட்டால் தரைத்தளத்து வார்டு. வரிசையாகக் கட்டில், நடுவில் திரை, தலைமாட்டில் மணி, இருபத்துநாலு மணி நேரமும் ஆள்.

கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறவர்கள் குறைவு. ஆண்களில் பாதிப் பேர், "எனக்கென்ன சிஸ்டர், நான் ஃபிட்" என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். எழுந்திருக்கும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்கள். பெண்களைக் கேட்டால் மகன் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றுமில்லை என்பார்கள். ஆகவே வாய் சொல்வதைப் பாதிக்குமேல் நம்பக் கூடாது என்பது எனக்குத் தெரிந்த பாடம். தெரிந்தும் ஏமாந்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் என்ன பெரிய யானை.

நான் சொல்லப்போகிற தம்பதி மேடவாக்கத்துக்காரர்கள். பரம்பரையாக அங்கே நிலம் வைத்திருந்த குடும்பம். நிலத்தில் அடுக்குமாடி எழும்பியபோது நாலாவது மாடியில் ஒரு ஃபிளாட் இவர்கள் பங்குக்கு வந்தது. மகனும் மருமகளும் ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போனால் திரும்ப இருட்டிவிடும். லிஃப்ட் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும். பெரியவருக்கு எண்பதைத் தாண்டியிருந்தது, அந்த அம்மாவுக்கு எழுபத்தைந்து இருக்கலாம். பெற்றோர் இருவரும் நாள் முழுக்க வாட்ஸ்அப்பும் தண்ணீர் லாரிச் சத்தமுமாக அடைந்து கிடக்கிறார்களே என்று மகனுக்குக் கவலை. நல்ல பையன், கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு ஓடுகிற ரகமில்லை. இரண்டு முறை தனியாக வந்து எங்கள் கழிப்பறைகளை எல்லாம் பார்த்துவிட்டுப் போனபிறகுதான் அவர்களை அழைத்து வந்தான்.

என் அறையில் பெரியவரை எதிரே உட்காரவைத்தேன். அந்த அம்மா மடியில் ஒரு ஒயர்கூடையை வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். நானும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"தானா குளிப்பீங்களா ஐயா?" என்று ஆரம்பித்தேன்.

"அது வெந்நி விளாவி வெக்கும். முதுவு தேய்க்கும். துண்டு குடுக்கும்" என்றார். அது என்றபோது தாடையால் மனைவியைக் காட்டினார்.

உடை? அந்த அம்மா எடுத்து வைத்தால் கட்டிக்கொள்வாராம், சட்டைக்குப் பட்டன் போடுவது அந்த அம்மாவாம். சாப்பாடு? பிசைந்து தட்டில் வைத்தால் சாப்பிடுவாராம். மாத்திரை? உள்ளங்கையில் வைத்தால் முழுங்குவாராம், எது எந்த வியாதிக்கு என்பதெல்லாம் அந்த அம்மாவுக்குத்தான் தெரியுமாம். நடப்பதும் கழிப்பறைக்குப் போவதும் மட்டும் அவர் பொறுப்பு. அதிலும் விளக்கைப் போட்டு வைப்பது அந்த அம்மா. கேட்கக் கேட்க அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார், ஆனால் பள்ளிக்கூட விழாவில் தன் பேரை வாசிக்கக் கேட்கிற பிள்ளையைப் போல முகம் பூரித்திருந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் ஷிஃப்ட் வேலைக்குப் போனவள். சேலையூரில் எங்கள் வீட்டில், கல்யாணமான மூன்றாம் மாதமே என் கணவர் சாதம் வடிக்கக் கற்றுக்கொண்டார். நைட் டியூட்டிக்காரியைக் கட்டிக்கொண்டவர் வேறென்ன செய்வார், பட்டினியா கிடப்பார். இங்கே ஒரு மனிதர் ஐம்பது வருடத்துக்குமேல் ஒரு துண்டைத் தன் கையால் எடுத்ததில்லை என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். டிக்குகளை அழுத்தி அழுத்திப் போட்டேன். கூட்டிப் பார்த்தால் மூன்றாம் லெவல் வந்தது. அந்த அம்மாவுக்கு எல்லாமே தானே செய்வார்தான், ஆகவே முதல் லெவல். இனிமேலாவது இந்த அம்மா கொஞ்சம் காலை நீட்டி உட்காரட்டும் என்று எனக்குள் ஒரு திருப்திகூட வந்தது. உண்மையைச் சொல்வதானால், நான் அன்று எழுதியது பராமரிப்பு அளவு இல்லை, அந்த ஆளுக்குத் தண்டனை.

மகனுக்கு விவரம் சொன்னபோது, மூன்றாவது லெவல்தானே இருப்பதிலேயே பெரிய கேர் என்று கேட்டான். ஆமாம் என்றேன். ரயிலில் முதல் வகுப்பு கிடைத்துவிட்ட மாதிரி சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். பெரியவர் கீழே வார்டில், அந்த அம்மா இரண்டாவது மாடியில், பகலில் வந்து பார்த்துக்கொள்ளலாம், ராத்திரி அவரவர் இடம் என்று இருவரிடமும் விளக்கினேன். பெரியவர் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். என் வெள்ளைக் கோட்டை ஒரு பார்வை பார்த்தார். சரிங்க என்றார். அவ்வளவுதான்.

அந்த அம்மாதான் கலங்கிப்போனார். வார்டு வரை வந்து, ஒயர்கூடையிலிருந்து துண்டு, சோப்பு டப்பா, முதுகு தேய்க்கிற பீர்க்கங்கூடு எல்லாவற்றையும் எடுத்து அட்டெண்டரிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். "நடு முதுவுல ஒரு மச்சம் கீதும்மா. அத்த கிள்ளிடாம தேயி" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

மூன்றாம் நாள் அந்த அட்டெண்டர் பெண் என்னிடம் வந்து முறையிட்டாள். விடியற்காலையில் இவள் வெந்நீரோடு போவதற்குள் பெரியவர் குளித்து முடித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு உட்கார்ந்திருக்கிறாராம். போர்வை மடித்திருக்கிறதாம். சட்டையில் பட்டன் எல்லாம் நேராக இருக்கிறதாம். முந்தின நாள் இவள் ராத்திரி மாத்திரையைத் தவறுதலாகக் காலையில் நீட்டியிருக்கிறாள். இது ராத்திரிக்கு உண்டானது, காலையில் போடுவது இதைவிடச் சின்னது என்று அவரே திருத்தினாராம். நீங்கள் எழுதியிருப்பது வேறு யாரைப் பற்றியோ இருக்கும் சிஸ்டர் என்றாள்.

மறுநாள் தாம்பரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் வண்டிச் சத்தம் இருக்காது, மிருகக்காட்சிசாலைச் சிங்கம் கத்துவதுதான் கேட்கும். வார்டுக்குப் பின்னால் துணி உலர்த்துகிற இடத்தில் பெரியவர் நின்றிருந்தார். தன் பனியனைத் துவைத்துப் பிழிந்து, ஒரே உதறாக உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். உதறிய உதறலில் பக்கத்துக் கொடியில் இருந்த துணியும் ஆடியது. முழுக்கப் பிறர்தான் செய்ய வேண்டும் என்று நான் டிக் போட்ட கை அது.

என்னைப் பார்த்ததும் அவர் திடுக்கிடவில்லை. நான்தான் படபடத்தேன். எல்லாம் முடியும் என்றால் எதற்காக ஐயா அப்படிச் சொன்னீர்கள், உங்களால் இரண்டு பேரும் பிரிந்து கிடக்கிறீர்களே என்று கோபமாகவே கேட்டுவிட்டேன். அவர் அண்ணாந்து இரண்டாவது மாடி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் மூடியிருக்கிறது என்று தெரிந்தபிறகுதான் வாயைத் திறந்தார்.

"அது பக்கத்துல குந்தினு இருந்துச்சே சிஸ்டர். நானே குளிச்சிப்பேன், நானே மாத்திர போட்டுப்பேன்னு அது எதிர்க்க எப்டி சொல்றது? அப்பால அதுக்கு இன்னா வேல கீது?"

அவர் பேசிக்கொண்டே போனார். நிலம் இருந்தபோது அந்த அம்மாவுக்கு உட்கார நேரமிருந்ததில்லையாம். நிலம் போய் மாடு இரண்டு இருந்ததாம், அதுவும் போனது. ஃபிளாட்டுக்கு வந்தபின் சமையலறை மருமகள் கைக்குப் போனது, அது முறைதானே, அதில் குறையில்லை என்றார். இங்கே வந்தால் சாப்பாடும் மெஸ்ஸிலிருந்து வருகிறது. அந்த அம்மாவுக்கு மிச்சமிருக்கிற ஒரே வேலை தான்தான் என்றார். ஆஸ்பத்திரி மாதிரி ரெண்டு நாள் படுக்கவைத்துவிட்டு மாடிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாராம். அதற்குள் தானே குளிப்பது அந்த அம்மா காதுக்குப் போய்விடக் கூடாதே என்றுதான் ஊர் எழும் முன்னே குளித்துக்கொண்டிருக்கிறார்.

அங்கிருந்து நேரே மாடிக்கு ஏறினேன். அந்த அம்மா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, கதவைத் திறந்துபோட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கீழே போக எட்டு மணி எப்போது ஆகும் என்று கேட்டார். சமையல்மேடை துடைத்தது துடைத்தபடி இருந்தது, மூன்று நாளாக ஒரு வாய் காபிகூடப் போட்டுக்கொள்ளவில்லை. மேஜைமேல் அவருடைய சொந்த மாத்திரை அட்டை இருந்தது. வந்த நாளிலிருந்து ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஏன் என்று கேட்டேன். அவருக்குக் கொடுக்கும்போதுதான் தானும் போட்டுக்கொள்கிற வழக்கம், அவர் இல்லாததால் ஞாபகமே வரவில்லை என்றார். கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தேன், எகிறியிருந்தது. முதல் லெவல் என்று நான் எழுதிய அம்மாவை அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டியதாயிற்று.

எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு பேரைப் பார்த்து இரண்டு படிவம் எழுதி, இரண்டையும் தப்பாக எழுதியிருக்கிறேன். அதுவும் தெரியாமல் இல்லை, கோபத்தில். நர்ஸ் வேலையில் கோபத்தோடு ஊசி போடக் கூடாது என்று புதிதாக வருகிற பெண்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

மேனேஜர் தம்பியிடம் போய் நான் எழுதியது தப்பு என்றேன். அவர் தங்கமான பையன், ஆனால் கம்ப்யூட்டர் சொல்வதுதான் வேதவாக்கு. ஓர் ஆளுக்கு ஒரு லெவல்தான் அதில் ஏறும், இப்போது மாற்றினால் மகனுக்கு என்ன பதில் சொல்வது என்று கையைப் பிசைந்தார். நான் இரண்டு படிவங்களையும் சேர்த்துப் பின் அடித்தேன். குறிப்பு எழுதும் இடத்தில் என் கையெழுத்திலேயே எழுதினேன்: சேர்ந்திருந்தால் இருவருக்கும் முதல் லெவல், பிரித்தால் இருவருக்குமே மூன்றாம் லெவல். கீழே கையெழுத்தும் போட்டேன். தம்பி அதை இரண்டு தரம் வாசித்தார். இதை எந்தக் கட்டத்தில் டைப் அடிப்பது என்று கேட்டார். அது உன் பாடு என்றேன். கடைசியில் மூன்று மாதம் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார். மகனுக்குத்தான் மனத்தாங்கல். லெவல் குறைந்துவிட்டதே, அப்பாவைச் சரியாகக் கவனிப்பீர்களா என்று போனில் கேட்டான். இந்தப் பரீட்சையில் மார்க் குறைந்தால்தான் பாஸ் என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

அன்று சாயங்காலமே பெரியவர் மாடிக்குப் போனார். சோப்பு டப்பாவின் மூடி காணாமல் போயிருந்தது. இத்தனை நாள் உங்களை நம்பி விட்டதற்கு இதுதான் மிச்சம் என்று அந்த அம்மா லிஃப்டில் ஏறும்வரை அவரைத் திட்டிக்கொண்டே போனார். பெரியவர் திட்டு வாங்கிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாண மாப்பிள்ளை முகத்தில்கூட நான் அப்படி ஒரு நிம்மதியைப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு என் வேலை செய்கிற விதமே மாறியது. புருஷனையும் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பதில்லை. என் அறைக்கு வரச்சொல்வதும் குறைந்தது, நானே அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போய், ஒரு வாய் டீ கொடுங்கள் என்று உட்கார்ந்துவிடுவேன். டீத்தூள் டப்பாவை யார் எடுக்கிறார்கள், அடுப்பை அணைக்க யாருக்கு நினைவு வருகிறது என்று பார்த்தாலே பாதிப் படிவம் நிரம்பிவிடும். பள்ளிக்கரணையிலிருந்து வந்த இரண்டு சகோதரிகளுக்கு, ஒருவருக்குக் கண் சரியில்லை, இன்னொருவருக்குக் கால் சரியில்லை, சேர்த்தே ஒரு லெவல் எழுதினேன். மேனேஜர் தம்பி இப்போது அதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு கட்டம் சேர்த்துவிட்டார். தன் யோசனை என்று சொல்லிக்கொள்கிறார், சொல்லிக்கொள்ளட்டும்.

காலையில் இரண்டாவது மாடி வராந்தாவில் ரவுண்டு போகும்போது, அந்த ஃபிளாட்டிலிருந்து துண்டு எங்கே என்று பெரியவர் குரல் கேட்கும். துண்டு அவர் மூக்குக்கு நேரே கொடியில் தொங்குவது வராந்தாவில் நிற்கிற எனக்கே தெரியும். கண் எதிரே இருக்கிறது பாருங்கள் என்று அலுத்துக்கொண்டே அந்த அம்மா எடுத்துக் கொடுப்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. ஒன்றரை வருடம் அந்த வராந்தாவைக் கடப்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

போன ஐப்பசி மழையில்தான் மாற்றத்தைக் கவனித்தேன். பெரியவர் படிக் கைப்பிடியை இடது கையால் பிடித்தார். சட்டைப் பட்டன் ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருந்தது. மெஸ்ஸில் ரசம் சிந்தியது. கழுத்து நரம்புக் கோளாறு, வலது கை இனிப் பழையபடி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை லெவலைத் திரும்பப் பார்ப்பது எங்கள் வழக்கம், அந்தத் தேதியும் அந்த வாரமே வந்தது.

பெரியவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது. தானே குளிக்கிறாராம். தானே உடுத்துகிறாராம். பட்டனும் தானேதான். முதுகுகூடத் தானே தேய்த்துக்கொள்கிறாராம். வலது கையைத் துண்டுக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டு இத்தனையும் சொன்னார். முன்பு முடிந்ததையெல்லாம் முடியாது என்ற மனிதர், இப்போது முடியாததையெல்லாம் முடியும் என்கிறார். கீழ்த்தள வார்டை நினைத்துப் பயந்துபோயிருக்கிறார் என்று புரிந்தது.

பேனாவை மூடி வைத்தேன். இரண்டாம் லெவல்தான் எழுதப்போகிறேன், உங்களை எங்கும் அனுப்ப மாட்டேன், ஆள் உங்கள் வீட்டுக்கு வருவார் என்றேன். அவர் நம்பவில்லை.

"போன தபாவும் நீங்கதான எழுதுனீங்க" என்றார்.

அவர் சொன்னது சரி.

அந்த அம்மாவையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்று அடுத்த நாள் காலை அவர் குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து மாடிக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். இதுவரை ஐயா செய்தது பாவனை, இப்போது வந்திருப்பது நிஜம் என்றால் அந்த மனசு தாங்குமா. ஆகவே சுற்றி வளைத்து, அவருக்கு இப்போது கை சரியில்லை, முன்பு மாதிரி இல்லை, இனி உங்களால் சமாளிக்க முடியுமா என்று கேட்டேன். ஸ்டூலில் உட்காரவைக்கவும் எழுப்பவும் மட்டும் ஆள் வரட்டும், முதுகு தேய்ப்பதைத் தான் விட்டுத்தர முடியாது என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"அவரு தானா குளிச்சிப்பாருன்னு எனக்குத் தெரியாதா சிஸ்டர்? பனியன் உதறுற சத்தம் மாடிக்குக் கேக்காதா?"

குளியலறையிலிருந்து பெரியவர் குரல் வந்தது. துண்டைக் கேட்கவில்லை. கொஞ்சம் வா என்று மட்டும், மெதுவாக. அந்த அம்மா எழுந்து சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார்.

"இத்தினி வருசம் எனக்கோசரம் அவரு முதுவக் காட்டினாரு" என்றார். "இன்னிக்குத்தான் அவருக்கோசரம் தேய்க்கப் போறேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.